கடைசி ரெண்டு நிமிஷத்தை ஏன் பிடுங்குறீங்க?

நேத்து ஃபர்ஸ்ட் ஷோ, கடலூர்ல ஒரு தியேட்டர். அம்மாவும் நானும். முட்டி வலின்னு நாலு வருஷமா தியேட்டர் பக்கமே வராதவங்க. இந்தப் படத்தை மட்டும் பெரிய திரையில பாக்கணும்னு கெஞ்சி, மஞ்சக்குப்பத்துல இருந்து ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். படத்தோட பேரைச் சொல்லல. இன்னும் பாக்காதவங்க இருப்பீங்க.

அப்பனும் மகனும் பேசிக்காத கதை. கடைசிக் காட்சியில அப்பா பஸ் ஸ்டாப்புல நிக்கிறார். மகன் ரோட்டைத் தாண்டிப் போறான். இசை நிக்குது. அவன் திரும்பிப் பாப்பானா மாட்டானா? ரெண்டரை மணி நேரமும் அந்த ஒரு இடத்துலதான் வந்து நிக்குது. அப்பப் பாத்து வலப்பக்கம் கதவோட இரும்புத் தாழ்ப்பாளை டமார்னு தள்ளுறாங்க. திரைச்சீலைய இழுத்து ஒதுக்குறாங்க. உள்ள லைட்டு எரியுது. முன்வரிசையில ஒருத்தர் ஹெல்மெட்டோட எழுந்து நின்னு, நின்ன இடத்துலயே போன்ல, "படம் விட்டாச்சு, வண்டி எடுக்கறேன்"ங்கறார். பாதித் திரை அவர் முதுகு. அவர் நகந்தப்போ திரையில பேர் ஓடிட்டு இருக்கு.

அம்மா என்னைப் பாத்துக் கேட்டாங்க: "அவன் திரும்பிப் பாத்தானாடா?"

எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் காசு குடுத்து உள்ள உக்காந்திருந்தோம், ரெண்டு பேருக்குமே தெரியல. வயிறு எரியுதுங்க.

கதவுகிட்ட நின்ன அண்ணன்கிட்ட கேட்டேன். "முடிஞ்சிடுச்சு தம்பி, அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்"னார். அவர் மேல எனக்குக் கோவமில்ல. கால் மணி நேரத்துக்குள்ள மொத்தத் தியேட்டரையும் கூட்டி அள்ளச் சொன்னா அவர் என்ன பண்ணுவார்? ஒரு நாளைக்கு இன்னொரு காட்சி சேக்கணும்னு இடைவெளிய நறுக்குறாங்களே, கோவம் அவங்க மேல. இப்ப டிஜிட்டல் ப்ரொஜெக்டர். எந்த நொடியில லைட்டு வரணும்னு முன்னாடியே குறிச்சு வெச்சிடலாம். பேர் ஓட ஆரம்பிச்சதும் வர்ற மாதிரி வெச்சா யாருக்கு என்ன நஷ்டம்? கையில போடுற தியேட்டரா இருந்தா இன்னும் சுலபம், திரையைப் பாத்துட்டு சுவிட்சைத் தட்டினாப் போதும்.

முடிவுன்னா வில்லன் செத்தானா, கல்யாணம் ஆச்சாங்கற தகவல்னு நினைக்கிறாங்க. அதான் தகவல் தெரிஞ்ச நொடியே எழுந்துடுறாங்க. நல்ல முடிவு அதுக்கு அப்புறம்தாங்க இருக்கு. 'பரியேறும் பெருமாள்' 2018ல வந்தப்போ எத்தனை பேர் கடைசி ஷாட்டைப் பாத்தீங்க? ரெண்டு டீ கிளாஸ், நடுவுல ஒரு பூ. ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு வலியும், ஒரு துளி நம்பிக்கையும் அந்த மேசையில இருக்கு. அந்த நேரத்துல பைக் சாவிய தேடிட்டு இருந்தவங்களுக்கு அந்தப் படம் பாதிதான் கிடைச்சிருக்கும். 'மூன்றாம் பிறை'யில (1982) அவளுக்கு அவனை அடையாளம் தெரியலன்னு நமக்குப் புரிஞ்சு போச்சு, சரி. அதோட விட்டாரா பாலு மகேந்திரா? மழையில, சேத்துல அவனை ஆட வெச்சு, ரயிலை அனுப்பி, அதுக்கப்புறமும் நம்மளை அந்த ஸ்டேஷன்ல நிறுத்தினார். நெஞ்சை அடைக்கிறது அங்கதான்.

'முள்ளும் மலரும்' காளியப் பாருங்க. தங்கச்சியை அனுப்பும்போதுகூட அந்த மாப்பிள்ளைய எனக்கு இப்பவும் பிடிக்கலன்னு சொல்லிட்டுத்தான் அனுப்புவான். கடைசி நிமிஷத்துல திருந்தி நல்லவனாயிடல. காளி காளியாவே இருக்கான், ஆனா நமக்கு அழுகை வருது. 1978ல மகேந்திரன் செஞ்சு காட்டிட்டுப் போயிட்டார். இன்னைக்கு என்னடான்னா முடிவையே எழுதாம, புதுசா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து முறைக்க விட்டு, பாகம் ரெண்டுல பாத்துக்கோங்கன்னு அனுப்புறாங்க. அதுவும் இதே திருட்டுதான். ஒண்ணு எழுதுற மேசையில நடக்குது, ஒண்ணு தியேட்டர்ல நடக்குது.

ஒரு முடிவுக்கு என்ன மதிப்புன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே மஞ்சக்குப்பத்துல 1934ல பிறந்தவர்தான் ஜெயகாந்தன். 'அக்கினிப் பிரவேசம்' கதையோட கடைசியில, கெட்டுப்போயிட்டோம்னு அழுதுட்டு வர்ற பொண்ணு தலையில தண்ணிய ஊத்தி, நீ சுத்தமாயிட்டேன்னு ஒரு அம்மா சொல்றா. அந்த முடிவுக்காகத் தமிழ்நாட்டுல என்ன சண்டை! சரி, அந்த அம்மா அப்படிச் சொல்லாம ஊரைக் கூட்டியிருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆகியிருப்பான்னு யோசிச்சு ஒரு நாவலே எழுதினார், 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அது சாகித்ய அகாதமி விருது வாங்குச்சு, 1977ல படமாச்சு. ஒரு சிறுகதையோட கடைசிப் பத்தியை மாத்தினா ஒரு முழு வாழ்க்கையே வேறயா ஆகுதுன்னு காட்டின மனுஷன் பிறந்த ஊர் இது. இங்க படம் முடியறதுக்குள்ள தாழ்ப்பாளைத் தள்ளுறீங்க.

எழுந்து நிக்கிறவங்களுக்கும் சொல்றேன். ஸ்டாண்டுல வண்டி நெரிசலா இருக்கும், தெரியும். எனக்கும் அதே ஸ்டாண்டுதான். போகணும்னா குனிஞ்சு போங்க. நின்னுட்டுப் போன் பேசாதீங்க. பின்னாடி ஒரு வயசான அம்மா கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீட்டிட்டு உக்காந்திருந்தாங்க.

ராத்திரி வீட்டுக்கு வந்து, படம் பாத்த ஃப்ரெண்டுகிட்ட கேட்டுச் சொல்லட்டுமான்னேன். "வேணாம்டா. சொல்லித் தெரிஞ்சிக்கிறதா அது?"ன்னுட்டாங்க. பாண்டியில இன்னும் ஓடுது. ஞாயித்துக்கிழமை மறுபடி ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். முன்னாடி யார் எழுந்தாலும் மறைக்காத மாதிரி, கடைசி வரிசையில, படிக்கட்டு ஓரமா.