பயணக் கட்டுரை எழுத அக்ரா பதிவு கட்டாயமா?

பயணக் கட்டுரை எழுதிக் காசு வாங்குவதற்கு முன்னால், சிங்கப்பூரில் தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தொழிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்து வருகிறார்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அப்படிக் கட்டாயம் இல்லைங்க. ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள முழுப்பெயரிலேயே தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு 2014ஆம் ஆண்டின் தொழிற்பெயர்ப் பதிவுச் சட்டம் விலக்கு தருகிறது.

பினாங்கு சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை விற்கிறீர்கள் என்று வையுங்கள். பில்லில் உங்கள் முழுப்பெயர், கட்டுரைத் தலைப்பு, தொகை, பணம் பெறுவதற்கான பேநவ் எண் போட்டு அனுப்பலாம். முழுப்பெயரை விட்டுவிட்டு யூடியூப் சேனல் பெயரிலோ வேறொரு பெயரிலோ தொழில் நடத்தினால்தான் பதிவு வேண்டும். வரி வேறு விஷயம். பதிவு இல்லாவிட்டாலும் எழுத்து வருமானத்தை வரித்துறையான ஐராஸிடம் காட்டத்தான் வேண்டும்.

என் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். யாரெல்லாம் பதிவு செய்யத் தேவையில்லை என்று அக்ரா இணையத்தளத்திலேயே போட்டிருக்கிறது. சட்டத்தின் முழு வாசகத்தையும் அரசாங்கத்தின் சட்டத் தொகுப்புத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பதிவுக் கட்டணத்தை நினைத்து முதல் கட்டுரையை அனுப்பாமல் வைத்திருப்பவர்கள், அந்தத் தளங்களை ஒருமுறை பார்த்துவிட்டு தைரியமாக அனுப்புங்கள்.