ஏழு கிலோ மனசு

"சிலருக்குப் பை மட்டுமில்லை, மனசும் ஏழு கிலோதான்." சொந்தக்காரர்கள் போட்ட அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வந்து "உங்களைத்தானே?" என்று விசாரிக்கும் நல்ல உள்ளங்களுக்கு: ஆமாம், என்னைத்தான். சிங்கப்பூரில் இருக்கும் சொந்தத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பெரியம்மா வீட்டில் நீட்டிய பார்சலை வாங்க மாட்டேன் என்று சொன்னதும் நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், ஐந்து நாள், கைப்பை மட்டும் அனுமதிக்கும் டிக்கெட். மொத்தமே 7 கிலோ. சக்கரப் பெட்டி என்றால் காலியாகவே இரண்டரை கிலோ விழுங்கிவிடும் என்று முதுகுப்பை எடுத்திருக்கிறேன். உடுத்தியிருப்பது போக இரண்டே செட். ராத்திரி அலசி, ஹோட்டல் துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்து ஏசி அறையில் மாட்டினால் காலையில் போட்டுக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் 100 மில்லி புட்டியில். 200 மில்லி புட்டியின் அடியில் கொஞ்சமாக இருந்தாலும் விடமாட்டார்கள், புட்டியின் அளவுதான் கணக்கு. 2006-ல் லண்டனில் யாரோ திரவ வெடிகுண்டுக்குத் திட்டம் போட, இன்றுவரை என் எண்ணெய்க்கு அளவு.

இதில் நாலு கிலோ பார்சல். எங்கே வைப்பது, தலையிலா?

"கூடுதல் எடைக்கு நாங்கள் பணம் கட்டுகிறோம்" என்றார்கள். எடை இல்லை பிரச்சினை. உள்ளே என்ன என்று கேட்டேன். "வீட்டுச் சாமான்தான்" என்று பதில். பழுப்பு டேப்பை எட்டுச் சுற்றுச் சுற்றிய சாமான். குருமாப் பொடியில் கசகசா போடாத வீடு நம் பக்கம் எத்தனை? அபின் செடியின் விதை என்பதால் அந்தக் கசகசாவுக்குச் சிங்கப்பூரில் தடை, துபாயிலும் தடை. போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று முன்பு குடியேற்ற அட்டையிலேயே சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்த ஊர் அது. என் பையில் இருந்தால் என் பொருள். "பெரியம்மா அரைத்த பொடி சார்" என்று அங்கே யாரிடம் சொல்வேன்?

சொந்தத்துக்குள் சந்தேகமா என்று கேட்பீர்கள். பெரியம்மா மேல் எனக்கு என்ன சந்தேகம்? டேப் மேல்தான். பிரிக்கட்டுமா என்று கேட்டதற்குத்தானே அண்ணன் முகம் தூக்கினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை இதே வீட்டுக்கு ஆறு கிலோ சுமந்தேன். ஊறுகாய் கசிந்து என் பட்டுப் புடவையில் உள்ளங்கை அகலம் எண்ணெய்க் கறை, இன்னும் போகவில்லை. சாங்கி விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் வரவில்லை. மூன்றாம் நாள் நானே ரயிலேறி ஜூரோங் வரை போய்க் கொடுத்தேன். லிப்ட் வாசலிலேயே வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் அக்கா" என்றார்கள். உள்ளே வா, ஒரு வாய் காப்பி குடி, ம்ஹூம். அப்போது யாருடைய மனசு எத்தனை கிலோ என்று யாரும் எடை போடவில்லையே!

கூரியரில் அனுப்பலாம். அவன் காசு கேட்பான், உள்ளே என்ன என்று எழுதிக் கையெழுத்தும் கேட்பான். நான்தான் இளிச்சவாய். அதுவும் என்னைத்தான் கேட்பார்கள், என் வீட்டுக்காரர் மாதாமாதம் பறக்கிறார், அவரிடம் ஒரு அப்பளக் கட்டு நீட்டியதில்லை. அவருக்கு ஆபீஸ் வேலையாம். எனக்கு மட்டும் என்ன, கோயில் திருவிழாவா?

"உன் மகன் வெளிநாட்டில் படித்தபோது நீ தக்காளித் தொக்கு கொடுத்துவிடவில்லையா?" கொடுத்தேன். ஆனால் திறந்து காட்டித்தான் கொடுத்தேன். அதனால் அது வேறு. சரி, ரொம்ப வேறு இல்லைதான். ஆனால் அவர்கள் முடியாது என்றிருந்தால் நான் ஸ்டேட்டஸ் போட்டிருக்க மாட்டேன்.

குளியலறை எடை மெஷினில் பையோடு ஏறி, பையில்லாமல் ஏறிக் கழித்துப் பார்த்தேன். 6.3 வருகிறது. இன்று காலை பெரியம்மா போன் பண்ணினாள். பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "குளிருமாமே பிளேன்ல, சால்வை வச்சிருக்கியாடி?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு ஸ்டேட்டஸ் பார்க்கத் தெரியாது.