படம் கேட்கப் போகிறவன்

சாவு வீட்டில் மைக்கை நீட்டி "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்கும் நிருபரைத் திட்டிப் பதிவு போடுவது வழக்கமாகிவிட்டது. திட்டுங்கள். கேட்கக் கூடாத கேள்விதான் அது. ஆனால் திட்டுகிறவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கும் டி.வி. ஆளை. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, வெள்ளி மாலையிலிருந்து தீபாவளியையும் தாண்டிச் செவ்வாய் அதிகாலை வரை தமிழ்நாடே அந்த நேரலை முன்னால் உட்கார்ந்திருந்தது. அடக்கம் முடிந்ததும் வேன்கள் கிளம்பிவிட்டன. கிளம்பாமல் அங்கேயே இருந்தவன் உள்ளூர் நிருபர். அவனுக்குக் கிளம்பிப் போக வேறு ஊர் கிடையாது.

நான் அந்த ரகம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவுக்கு நிருபர். விபத்து, திருட்டு, கும்பாபிஷேகம், ஆர்ப்பாட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் ஒரே ஆள். மனதைப் பாதிக்காதா என்று நண்பர்கள் கேட்பார்கள். ரத்தத்தைப் பார்ப்பதைத்தான் கேட்கிறார்கள். அது ஓரளவு பழகிவிடும், பழகிவிட்டதே என்று சில ராத்திரி உறுத்தும், அவ்வளவுதான். பழகாத வேலை ஒன்று உண்டு. இறந்தவரின் படம் கேட்பது.

விபத்துச் செய்தி என்றால் ஆபீஸில் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் போடும் டெஸ்க்கிலிருந்து வரும் முதல் போன் "படம் இருக்கா?" என்பதுதான். பெயர், வயது, ஊர் எல்லாம் ஸ்டேஷன் ரைட்டரிடம் வாங்கிவிடலாம். படத்தை வீட்டுக்காரர்களிடம்தான் கேட்டாக வேண்டும். அவர்கள் அந்த நேரம் ஜி.எச். பிணவறை வாசலில், வேப்பமரத்தடியில், போஸ்ட்மார்ட்டம் எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் யார் கொஞ்சம் நிதானமாக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்பாவிடம் போகக் கூடாது. தாய்மாமன், சித்தப்பா பையன், இல்லையென்றால் அந்த வார்டு கவுன்சிலர். தோளில் கை வைத்து ஓரமாக அழைத்துப்போய், "தம்பி, போன்ல ஏதாச்சும் படம் இருக்கா?"

போன மழைக்காலத்தில் பைக் விபத்தில் இறந்த ஒரு பையனின் தம்பி அப்படித்தான் போனைத் திறந்தான். கேலரியைத் தள்ளிக்கொண்டே போகிறான். கோயில் திருவிழா, கிரிக்கெட், கல்யாண வீட்டுப் பந்தி. ஒவ்வொன்றிலும் நின்று, "இது வேணாம்ணே, இதுல தாடி வச்சிருக்கான், அம்மாவுக்குப் பிடிக்காது." கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவை எடுத்து, பக்கத்தில் நின்றவர்களை விரலால் வெட்டித் தள்ளிவிட்டு, அண்ணன் முகத்தை மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அனுப்பிவிட்டு, "கலர்ல வருமாண்ணே?" என்றான். உள்பக்கம், கறுப்பு வெள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

இதில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் நம்மைத் திட்டுவதில்லை. மறுநாள் அவர்களே போன் செய்து இரண்டு பேப்பர் எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஒன்று விபத்து இழப்பீட்டு வழக்குக்கு வக்கீல் கேட்டிருப்பார். இன்னொன்று வீட்டுக்கு. அந்தத் தம்பியை இன்றைக்கும் டீக்கடையில் பார்க்கிறேன். "அண்ணே, டீ சொல்லவா?" என்பான். மைக் நீட்டுகிறவருக்கு இந்த டீ கிடையாது. எனக்கு அது நல்லதா கெட்டதா என்று இன்னும் பிடிபடவில்லை.

கும்பகோணம் நிருபர்களுக்கு இது இன்னும் கனமானது. 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பெற்றோர்கள் பள்ளி முன்னால் படங்களை வைத்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதே நிருபர்களும் போகிறார்கள். படத்தில் பிள்ளைகளுக்கு வயது ஏறவில்லை, படம் பிடித்து நிற்கும் அம்மாக்களுக்குத் தலை நரைத்துவிட்டது. தீர்ப்பு வரவே பத்து வருடம் ஆனது. அங்கே போகும் நண்பர் ஒருவர் சொன்னார்: "அஞ்சலி நடக்குறப்பவே ஆபீஸ்லேருந்து போன், இந்த வருஷம் என்ன புதுசா இருக்குன்னு. என்னத்தச் சொல்ல?"

சரி, சந்தோஷமே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் இதே அளவுக்கு உள்ளூர்ச் சந்தோஷம். மாநில நிருபர் எழுதி அமைச்சர் பதில் சொல்வதற்கும், நாம் எழுதி ஒரு தெருவில் போர்வெல் மோட்டார் மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தெருவில் நடந்து போனால்தான் தெரியும். நிறுத்தியிருந்த டவுன் பஸ் திரும்ப ஓடத் தொடங்கிய அன்று, டிரைவர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார். எந்த விருதும் எனக்கு அந்த ஹாரனுக்கு ஈடாகாது. (விருது எதுவும் வந்ததில்லை என்பது வேறு.)

ஆனால் அந்தச் சந்தோஷமும் சாயங்காலம் வரைதான் தாங்கும். நெல் கொள்முதல் நிலையக் கதையைக் கேளுங்கள். எங்கள் பக்கம் வருடா வருடம் வரும் செய்தி இது. அறுவடை முடியும், மழை வரும், பிடித்த மூட்டைகளை ஏற்ற லாரி வராது, அடுக்க இடமில்லாமல் கொள்முதல் நிற்கும், விவசாயி நெல்லைச் சாலையில் கொட்டித் தார்ப்பாய் போட்டுக் காவல் இருப்பார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள். காயவைக்க வெயில் வேண்டும். வெயில் வருவதற்குள் முளைத்துவிடும். முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் காட்டும் படத்தோடு எழுதினேன். மறுநாள் மதியம் ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, லாரி வந்துடுச்சு, ஏத்திக்கிட்டிருக்காங்க" என்றார். பின்னணியில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. அன்று நான் ரெண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

அன்று மாலையே அந்த நிலையத்துப் பட்டியல் எழுத்தரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பருவகாலத்துக்கு மட்டும் எடுக்கிற ஆள். லாரி அனுப்பாதது அவரா? குடோனில் இடமில்லாமல் போனது அவராலா? என் செய்தியில் அவர் பெயரே இல்லை, ஒரு வரி தப்பும் இல்லை. யார் மேலாவது நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் அவர் இருந்தார். அவருடைய மனைவியும் என் மனைவியும் ஒரே மகளிர் குழு. இப்போது என் மனைவி குழுக் கூட்டத்துக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறார். திரும்பவும் அதே செய்தியை எழுதுவேனா என்றால் எழுதுவேன். எழுதிவிட்டு வீட்டுக்குப் போகத்தான் யோசனையாக இருக்கும்.

இதற்கு மேல் விளம்பரம். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. தீபாவளி மலர், பொங்கல் மலர், பேப்பரின் ஆண்டு விழா என்று தாலுகாவுக்கு இவ்வளவு விளம்பரம் என்று இலக்கு வரும். யாரிடம் போய்க் கேட்பது? ஜவுளிக்கடை, நகைக்கடை, தனியார் பள்ளி, ஒப்பந்ததாரர், கட்சிப் பிரமுகர். போன வாரம் எந்தச் சாலை தரமில்லை என்று எழுதினேனோ, அதைப் போட்டவரிடமே வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே, "எழுதுறப்போ மட்டும் நல்லா எழுதுங்க தம்பி" என்று கால் பக்கம் தருவார். அந்தச் சிரிப்புக்குப் பதில், சாவு வீட்டில் ஒருநாள் முழுக்க நின்றுவிடலாம்.

சம்பளம் என்று ஒன்று இருந்தால் இந்த நிலை வராது. எங்களைப் போன்ற பகுதிநேரக்காரர்களில் பலருக்கு வருவது செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கும் விளம்பரக் கமிஷனும்தான். பெட்ரோல் நம்முடையது, போன் நம்முடையது, உடம்பு நம்முடையது. பத்திரிகை ஊழியர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்க அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011இல் அறிவித்தது, உச்ச நீதிமன்றம் 2014இல் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பையும் எங்களில் ஒருவன்தான் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பான். அவன் வீட்டு வாசலை அது தாண்டவில்லை. 2021இல் கொரோனா சமயத்தில் பத்திரிகையாளர்களையும் முன்களப் பணியாளர்கள் என்று தமிழக அரசு அறிவித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஊக்கத்தொகை என்று வந்ததும், அடையாள அட்டை இருக்கிறதா, அரசு தரும் அங்கீகார அட்டை இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. ஆபீஸே எங்களை ஊழியர் என்று எழுதிக் கொடுக்காதபோது அட்டைக்கு எங்கே போவது?

இதையெல்லாம் சேவை என்று சொல்லித் தட்டிக்கொடுப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். சேவை என்று சொல்லிவிட்டால் கூலி கேட்க முடியாது, களைப்பாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. குழந்தைச் சாவு ஒன்றை எழுதிவிட்டு வந்தவனிடம் "ஒருநாள் லீவு எடுத்துக்கோ" என்று சொன்ன ஆபீஸை நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் ரோட்டரி சங்க மரம் நடு விழாவுக்குப் போகச் சொல்வார்கள். போவோம். மரக்கன்றோடு பத்துப் பேர் சிரித்து நிற்பார்கள், நாமும் "சார், கொஞ்சம் கிட்ட வாங்க" என்போம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. இறந்தவர் படத்தை முதல் நாளே கேட்பதை நிறுத்துங்கள். செய்தி அன்றைக்கே வரட்டும், படம் இல்லாமல் வரட்டும். வீட்டுக்காரர்கள் காரியம் முடிந்து தாங்களாகக் கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம். டெஸ்க் நண்பர்கள் உடனே சொல்வார்கள், எதிர் பேப்பரில் படத்தோடு வந்துவிடுமே என்று. வரட்டுமே. பக்கத்து ஊர் விபத்தில் இறந்தவர் முகம் எந்தப் பேப்பரில் இருக்கிறது என்று பார்த்து யாரும் சந்தா கட்டுவதில்லை. அந்தப் படத்துக்காகப் பிணவறை வாசலில் நிற்கும் நேரத்துக்கும் கூலி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், தானாகவே பாதிப் படங்கள் தேவையில்லாமல் போய்விடும் என்பது என் சந்தேகம்.

தாலுகா நிருபர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்லுங்கள். கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸில். உங்கள் ஆபீஸ்காரர்களும் இந்தப் பக்கம் வருவார்கள்.