ஆண்டி காஃப்மன் ஒளிந்து வாழ்கிறாரா?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன் சாகவில்லை, செத்ததுபோல் நடித்துவிட்டு எங்கோ ஒளிந்திருக்கிறார், 2013இல் அவருடைய மகளே மேடையேறிச் சொன்னார் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மேடையேறிய பெண் மகளே இல்லை, ஒரு நடிகை. அந்தக் குட்டு சில நாளிலேயே உடைந்துவிட்டது. காஃப்மன் 1984 மே 16 அன்று லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 35. இத்தனைக்கும் புகைபிடிக்காதவர். கடைசி மாதங்களில், கத்தியில்லாமல் வெறுங்கையால் கட்டியை எடுப்பதாகச் சொன்னவர்களை நம்பி பிலிப்பைன்ஸ் வரை போய்வந்தார், பாவம்.

ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? புலி வருது கதைதான். சிரிக்க வந்தவர்கள் முன்னால் நாவலைப் பக்கம் பக்கமாக வாசிப்பார். 1979இல் கார்னகி அரங்க நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்தையே பேருந்துகளில் ஏற்றிப்போய் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார். மல்யுத்த வீரர் ஜெர்ரி லாலரோடு அவர் போட்ட சண்டை வெறும் நாடகம்தான் என்பது அவர் இறந்த பிறகு, பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்புறம், அவரே வேடம் போட்டு உருவாக்கிய டோனி கிளிஃப்டன் என்ற சிடுமூஞ்சிப் பாடகன் 1985இல் மறுபடி மேடையில் வந்து நின்றான். வேடத்துக்குள் இருந்தவர் நண்பர் பாப் ஸ்முடா.