விடிய விடியப் படித்தால் மார்க் வருமா?

செமஸ்டர் நெருங்கினால் போதும். "நேத்து மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "நான் தூங்கவே இல்லை" என்று இன்னொருவர் அதற்கு மேலே போவார். கேட்கிற வீட்டாருக்கும் உள்ளூரப் பெருமைதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிக்கிறவர், பகலில் படித்ததையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார் என்பது என் கட்சி.

பகலில் புதிதாகப் படித்தது முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை நம்பித்தான் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, நீண்ட நாள் நிற்கும் நினைவாக மாற்றுகிறது. அந்த வேலைக்கு நேரம் கொடுக்காமல் மேலே மேலே திணித்தால் எது நிற்கும்? பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது பரீட்சைக் காலத்துக்கும் சேர்த்துத்தான்.

2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருந்தது. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கே அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அப்புறமும் உட்கார்ந்து கணக்குப் போட்டால் கூட்டலில் தப்பு வராமல் என்ன செய்யும்?

உடனே காபி என்பார்கள். காபி களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. உள்ளே போன காஃபினில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்தது 11 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, ஏன் விடிய விடிய உட்கார வேண்டியிருக்கிறது? படிக்கிற முறையில்தான் கோளாறு. ஒரே பாடத்தை மூன்று தடவை வாசிக்கிறோம், பக்கம் முழுக்க ஹைலைட்டரால் மஞ்சள் பூசுகிறோம். (எல்லா வரியும் முக்கியமென்றால் எதற்கு ஹைலைட்டர்?) ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை நன்றாகவே முந்தியிருந்தார்கள். வாசித்த சூட்டில் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதை நம்பக்கூடாது.

ஒரு யூனிட் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். முதல் நாலு வரி கடகடவென்று வரும். படம் போட ஆரம்பித்து, அம்புக்குறி எந்தப் பக்கம் போகும் என்ற இடத்தில் பேனா நிற்கும். அங்கேதான் திரும்பப் படிக்க வேண்டும், மொத்த யூனிட்டையும் இல்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதிப் பாருங்கள், பேனா நிற்கிற இடங்கள் குறைந்திருக்கும். இப்படிப் படித்தால் ராத்திரி தானாக மிச்சமாகும்.

போனை அடுத்த அறையில் வையுங்கள். கவிழ்த்துப் பக்கத்தில் வைப்பதெல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நடுநடுவே எழுந்து கொஞ்சம் நடங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். படுத்தும் பல நாளாகத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் "பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

"நாளைக்கே பரீட்சை, இன்னும் ரெண்டு யூனிட் பாக்கி, இப்ப என்ன பண்றது?" என்று கேட்பவர்களுக்கு: பழைய வினாத்தாள்களில் அந்த யூனிட்டுகளிலிருந்து அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் எடுத்து, பார்க்காமல் எழுதிப் பாருங்கள். மீதியை விட்டுவிடுங்கள். வழக்கமாகப் படுக்கிற நேரத்துக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.