திறன் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடமில்லையா? அந்த வாட்ஸ்அப் தகவல் தவறு

‘தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் இனி மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க மாட்டார்கள். மற்றவர்கள் பதிவுக் கட்டணத்தை உடனே அனுப்புங்கள்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே உண்மையில்லை.

2014-ல் தொடங்கிய இந்தத் திட்டம் ஏழைக் கிராமப்புற இளைஞர்களுக்கானது. பயிற்சி இலவசம். பொதுவான வயது உச்சவரம்பு 35. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் 45. சேர்க்கவே கூடாது என்றால் வயதில் ஏன் பத்து ஆண்டு கூட்டித் தரப்போகிறார்கள்?

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 19: எல்லாப் பொதுத் தொழிற்பயிற்சித் திட்டங்களிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும், பயிற்சி பெறத் தேவையான உதவியும் வசதியும் தர வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மத்திய அரசு சட்டங்களை வெளியிடும் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம்.

எனக்கு அந்த வாட்ஸ்அப் தகவலை அனுப்பிய தம்பி ஊன்றுகோலோடு நடப்பவன். அடையாள அட்டை நகல், மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தான். இதைப் பார்த்ததும் அப்படியே பீரோவில் வைத்துவிட்டான். அதுதான் மனதை உறுத்துகிறது.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத்து ஊரக வாழ்வாதார இயக்க அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் பகிராதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், அதே குழுவில் ‘அது தவறு’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.