சண்டை போட்டது 500, ஜெயிச்சது 0

போன ஞாயித்துக்கிழமை பாப்பா கைக்கு பாக்ஸிங் பேண்டேஜ் சுத்தி விடுற ஃபோட்டோ ஒண்ணு போட்டிருந்தேன்ல, அதுக்கு வந்த கமெண்ட்டுங்கள பாத்து ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு. பாதி பேரு 'சூப்பர் டேட்', 'தெய்வமே'ன்னு ஹார்ட்டு விட்டுக்கினு இருக்காங்க, மீதி பேரு இன்பாக்ஸ்ல வந்து 'பாவம் மச்சான் நீ, வாரத்துக்கு ரெண்டு நாளுதானா'ன்றாங்க. ரெண்டுமே எனக்கு ஒட்டல. அதான் இவ்ளோ நீளமா எழுதறேன், டைம் இல்லாதவங்க நேரா கீழ இருக்கற அத்தோ (பர்மா நூடுல்ஸ்) மேட்டருக்கு போயிடுங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், டைவர்ஸ் ஆயி மூணு வருசம் ஆவுது. மியூச்சுவல்தான், ரெண்டு பேரும் ஒத்துக்கினு போடற 13பி மனு, ஐகோர்ட் காம்பவுண்டுக்குள்ள இருக்கற ஃபேமிலி கோர்ட்ல. மொத மனுவுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 6 மாசம் விடுவாங்க, மனசு மாறுதான்னு பாக்க. எங்களுக்கு மாறல. ஆனா அந்த 6 மாசத்துல சண்டை போடறத நிறுத்திட்டோம், அது ஒரு லாபம். பாப்பா அவங்க அம்மாகூட பெரம்பூர்ல, நான் எங்க அம்மாகூட தண்டையார்பேட்டைல. சனிக்கிழமை காலைல 10 மணிலேர்ந்து ஞாயிறு சாயங்காலம் 6 மணி வரைக்கும் என் கணக்கு. 32 மணி நேரம்.

மொத வருசம் பூரா அந்த 32 மணி நேரத்த கல்யாண கான்ட்ராக்ட் எடுத்தவன் மாதிரி ஓட்டிக்கினு இருந்தேன். மால், படம், பாப்கார்ன், கேம் ஜோன், அங்கேர்ந்து மெரினா, நைட்டு பரோட்டா, அடுத்த நாள் மறுபடி மொதல்லேர்ந்து. ஸ்டேட்டஸ்ல பாத்தா செம்ம லைஃப். திங்கக்கிழமை பாப்பாவுக்கு வயித்தால போவும், ஸ்கூல் லீவு, அந்த லீவுக்கு ஆபீஸ்ல சம்பளத்த விட்டுட்டு கூட உக்காந்தது பாப்பாவோட அம்மா. லைக்கு வாங்குனது நானு. இத எனக்கு யாரும் சொல்லல, நானா கணக்கு போட்டுப் பாக்கவே ஒரு வருசம் ஆச்சு.

ஜிம் கதையும் அப்டிதான். டைவர்ஸ் ஆனவன் ஷூ வாங்குனாலே 'மாப்ள ரெண்டாவது ரவுண்டுக்கு ரெடியாவுறான்'னு ஆரம்பிச்சிடுவானுங்க. ஒரு மண்ணும் இல்ல. மெட்ரோ ஸ்டேஷன்ல எஸ்கலேட்டர் வேணாம்பா, படில ரேஸ் வுடலாம்னு சொல்லி பாப்பா ஓடுச்சு, நான் பாதில உக்காந்துட்டேன். அப்போ 94 கிலோ. மேலேர்ந்து எறங்கி வந்து தண்ணி பாட்டில தொறந்து குடுத்துட்டு, 'அப்பா நீ செத்துட மாட்டல்ல?'ன்னு கேட்டுச்சு பாருங்க, சும்மா சந்தேகம் கேக்கற மாதிரி. மறுநாளே கார்ப்பரேஷன் பார்க்ல இருக்கற ஓப்பன் ஜிம்முக்கு போனேன், ஃபீஸ் கிடையாது, கண்ணாடியும் கிடையாது, அது ரொம்ப நல்லது. இப்போ 81.

அப்புறம் பாக்ஸிங். எங்க ஏரியால அது ஒண்ணும் புதுசு இல்ல, 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல கைய தூக்கி காட்டுனப்போ எங்க தாத்தா அங்க இருந்தாரு, சாவற வரைக்கும் அதயே சொல்லிக்கினு இருந்தாரு. 2021ல சார்பட்டா படம் வந்த அப்புறம் தெருவுல பாதி பேரு ஏதோ ஒரு பாக்ஸிங் பரம்பரைக்கு பேரப்புள்ள ஆயிட்டானுங்க, அது தனி காமெடி. பாப்பாவ சனிக்கிழமை கிளாஸ்ல சேத்தேன். பேண்டேஜ் சுத்தறது ஒரு வேலைங்க. கட்டை விரல்ல லூப்ப மாட்டி, மணிக்கட்டுல மூணு சுத்து, முட்டில மூணு சுத்து, அப்புறம் ஒவ்வொரு விரல் சந்துலயும் விட்டு எடுத்து மறுபடி மணிக்கட்டு. லூசா இருந்தா கை பிசகும், டைட்டா இருந்தா மரத்துடும். இத ஒழுங்கா சுத்தறேன், ஆனா அதே கையால தலை பின்ன வரல, நான் போட்ட ஜடை மூலக்கொத்தளம் தாண்டறதுக்குள்ள அவுந்துடும். அவங்க அம்மா போட்டா ரெண்டு நாளைக்கு அசையாது.

மழை பேஞ்ச ஒரு சனிக்கிழமை எங்கயும் போவ முடியல. பரண்ல எங்கம்மா வச்சிருந்த பிஸ்கட் டின்ன பாப்பா எறக்குச்சு, உள்ள என்னோட டபிள்யூ டபிள்யூ எஃப் ரெஸ்லிங் டிரம்ப் கார்டுங்க! 90ஸ் கிட்ஸுக்கு தெரியும், ரேங்க், ஹைட்டு, வெயிட்டு, செஸ்ட், பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயிச்ச சண்டைன்னு இருக்கும், அதுல ஒண்ண கேக்கணும், யாரு கார்டுல அது ஒசத்தியோ அவங்க ஜெயிச்சாங்க. அண்டர்டேக்கர் கார்டு மூலையெல்லாம் எலி கடிச்சிருந்துச்சு. தமிழ் டப்பிங்ல அனிமே பாக்கற புள்ள அது, எவனுக்கு எவ்ளோ பவர்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லும், ரெண்டே ஆட்டத்துல பிடிச்சிக்கிச்சு. சாயங்காலம் சார்ட்ட வெட்டி வூட்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கார்டு போட ஆரம்பிச்சிடுச்சு. ஆயா கார்டுல 'பைசெப்ஸ்: தொங்குது'. என் கார்டுல வெயிட்டு 94ன்னே இருந்துச்சு, சண்டை போட்டு 81 ஆக்குனேன். கீழ பாத்தா 'சண்டை போட்டது 500, ஜெயிச்சது 0'. அவங்க அம்மா கார்டுலயும் அதே 500, அதே 0.

நான் ஒண்ணும் பேசல. அதுவே சொல்லுச்சு, 'இந்த ரெண்டு கார்டு வந்தா ஃபைட்ட கேக்கக் கூடாதுப்பா, தோத்துடுவோம். ஹைட்டு கேக்கணும்.'

சரி, அத்தோ. இப்பல்லாம் எங்க வாரக்கடைசில செலவுன்னு பாத்தா இதான் பெருசு. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா கடைங்க, பர்மாலேர்ந்து திரும்பி வந்த நம்ம சனங்க கொண்டாந்த சாப்பாடு. நூடுல்ஸ கையாலயே பெசஞ்சு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மொளகாத்தூள் போட்டு குடுப்பாங்க, கூட வாழைத்தண்டு சூப்பு. முட்டைய கீறி உள்ள வெங்காயம் பூண்டு வச்சி தருவாங்க பாருங்க, அது என் புரோட்டீன் கணக்கு, அத்தோ எந்தக் கணக்குலயும் வராது. ஞாயிறு காலைல காசிமேடு. மீன் கண்ணு தெளிவா இருக்கா, செவுளு செவப்பா இருக்கான்னு பாப்பாதான் பாக்கும், ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலத்துல மட்டும் ரெண்டு பேரும் வெலைய கேட்டுட்டு திரும்பி வந்துடுவோம். மத்தியானம் தெருமுனைல கேரம். எங்க புதுவண்ணாரப்பேட்டை பக்கத்துப் பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போய் உலகக்கோப்பைல 3 தங்கம் வாங்கிட்டு வந்துச்சு, அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. போர்டு முன்னாடி தெனம் தெனம் உக்காராம அது வராதுங்க. சனி ஞாயிறு மட்டும் உக்காந்தா ஸ்ட்ரைக்கர் புடிக்கத்தான் வரும்.

இதான் எனக்கு உறுத்தறது. எனக்கு கெடைக்கறது பாயசம் மட்டும். பேன் சீப்பு, ஹோம்ஒர்க், ராத்திரி 2 மணி ஜுரம், 'எனக்கு இட்லி வேணாம்' சண்டை, அதெல்லாம் அஞ்சு நாளும் பெரம்பூர்ல நடக்குது, அதுக்கு ஒரு ஹார்ட்டு கூட யாரும் விடறதில்ல. அதனால என்ன பாவம்னும் சொல்லாதீங்க, தெய்வம்னும் சொல்லாதீங்க. வாரத்துல ரெண்டு நாள் கூட இருக்கற அம்மாவ எவனாச்சும் சூப்பர் மாம்னு சொல்வீங்களா, ஊரே சேந்து கிழிச்சிருப்பீங்கல்ல?

போன வாரம் பாப்பாவோட அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், புதன்கிழமை எனக்கு ஆஃப், ஸ்கூல் விட்டதும் வந்து ஹோம்ஒர்க் நான் பாத்துக்கறேன்னு. ரெண்டு நாள் ப்ளூ டிக் மட்டும்தான். மூணாவது நாள் ரிப்ளை வந்துச்சு: 'சரி வாங்க. வெளில எங்கயும் கூட்டிட்டு போகக் கூடாது. மேத்ஸ்ல பின்னம் நடக்குது.'

நாளைக்கு புதன். எல்சிஎம் எப்டி எடுக்கறதுன்னு யூட்யூப்ல பாத்துக்கினு இருக்கேன், தெரிஞ்சவங்க யாராச்சும் ஈசியா சொல்லுங்க.